கதைக்காக ஒரு சூரியப் பாய்க்கப்பல் கட்டுவது எப்படி?

அறிவியல் புனைகதை எழுதத் தொடங்கும் பிள்ளைகள் சூரியப் பாய்க்கப்பலைத் தேர்ந்தெடுத்தால் எனக்கு மிகவும் சந்தோஷம். எரிபொருள் இல்லை, நெருப்பு இல்லை, புகை இல்லை. கண்ணாடி போல மினுங்கும் ஒரு மெல்லிய தாளை விரித்துவிட்டு, வெளிச்சத்தின் தள்ளலில் கோளுக்குக் கோள் போகலாம். இது வெறும் கற்பனையும் இல்லை. 2010 முதல் இப்படிப்பட்ட பாய்கள் விண்வெளியில் விரிந்திருக்கின்றன.

ஆனால் மட்டக்களப்பில் இளையவர்கள் என்னிடம் வாசிக்கத் தரும் கதைகளில் பெரும்பாலும் ஒரே குறை: கப்பல் முதலில் வந்துவிடும், கணக்கு வராது. என் கருத்தில் இதற்கு வழி நேர்மாறானது. ஒரு சதுர மீற்றர் பாய்க்கு எத்தனை கிராம் பாரம் என்ற ஒற்றை எண்ணை முதலில் முடிவு செய்யுங்கள். வேகம், பயணக் காலம், யாரை ஏற்றலாம், என்ன ஆபத்து வரும் என்று கதைக்கு வேண்டிய மற்றெல்லாம் அதிலிருந்து தானாக வரும். சாதாரண தர விஞ்ஞானமும் போனில் இருக்கும் கல்குலேற்றரும் போதும்.

முதல் படி: தள்ளுவது யார்?

தள்ளுவது ஒளி. சூரியக் காற்று என்று சொல்லப்படும் துகள் ஓட்டம் வேறொன்று. அது பாயில் தரும் அமுக்கம், ஒளி தருவதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பல கதைகள் இங்கேயே வழுக்கி விழுகின்றன. ‘சூரியக் காற்று பாயை நிரப்பியது’ என்று எழுதியிருந்தால் உடனே வெட்டுங்கள்.

ஒளிக்குத் திணிவு இல்லை, ஆனால் உந்தம் உண்டு. பாயில் பட்டுத் தெறிக்கும்போது அந்த உந்தம் திசை மாறுகிறது. அந்த மாற்றம் பாயைத் தள்ளுகிறது. ஒளி உறிஞ்சப்பட்டால் ஒரு பங்கு தள்ளல், நேரே திரும்பித் தெறித்தால் இரு பங்கு. பாய் கண்ணாடி போல மினுங்குவது அதற்காகத்தான். ஒளிக்கு அமுக்கம் இருக்க வேண்டும் என்று மக்ஸ்வெல் 19ஆம் நூற்றாண்டில் கணித்தார். ரஷ்யாவில் லெபெடெவ் 1900ஐ ஒட்டி அதை ஆய்வுகூடத்தில் அளந்து காட்டினார்.

பூமி இருக்கும் தூரத்தில், முழுமையாகத் தெறிக்கும் பாயின் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் விழும் விசை சுமார் 9 மைக்ரோநியூட்டன். ஒரு மில்லிகிராம் பொருளின் நிறையைவிடவும் சற்றுக் குறைவு. ஒரு சதுர கிலோமீற்றர் பாய் விரித்தாலும் மொத்தமாக 9 நியூட்டன்தான் கிடைக்கும். அதாவது கையில் ஒரு கிலோ சீனிப் பைக்கற்றைப் பிடித்தால் உணரும் பாரத்துக்கும் கொஞ்சம் குறைவு. இந்த எண்ணைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வீட்டில் இதைக் காட்டிவிடலாம் என்று முயல வேண்டாம். கண்ணாடிக் குமிழுக்குள் கறுப்பும் வெள்ளையுமான இதழ்கள் வெயிலில் சுழலும் விளையாட்டுப் பொருளை ஆதாரமாகக் காட்டுவார்கள். அதைச் சுழற்றுவது உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்ச வளியின் வெப்பம்தான். ஒளியமுக்கம் சுழற்றியிருந்தால் அது எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கும்.

இரண்டாம் படி: கணக்குப் போடுங்கள்

ஒரு மாதிரிக் கப்பல் எடுப்போம். பாய் 1 கிலோமீற்றருக்கு 1 கிலோமீற்றர், அதாவது பத்து இலட்சம் சதுர மீற்றர். பாயும் தாங்குகம்புகளும் சரக்கும் சேர்ந்து 10,000 கிலோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் சதுர மீற்றருக்கு 10 கிராம். எந்தப் பாயும் நூற்றுக்கு நூறு தெறிக்காது, அதனால் விசையை 8 நியூட்டன் என்று எடுப்போம். விசையைத் திணிவால் வகுத்தால் ஆர்முடுகல் விநாடிக்கு விநாடி 0.8 மில்லிமீற்றர்.

இதைப் பார்த்ததும் மனம் சோர்ந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள். ஒரு மணி நேரத்தில் கூடும் வேகம் மணிக்கு 10 கிலோமீற்றர். ஒரு நாளில் மணிக்கு ஏறக்குறைய 250. முப்பது நாளில் மணிக்கு 7,400ஐத் தாண்டும். ரொக்கெட் சில நிமிடங்கள் எரிந்து ஓய்ந்துவிடும். பாய் ஓய்வதே இல்லை, வெளிச்சம் இருக்கும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும்.

அடுத்து, உங்கள் கப்பல் எவ்வளவு கெட்டிக்காரக் கப்பல் என்று பார்க்க ஓர் அளவு இருக்கிறது. பூமியளவு தூரத்தில் சூரியனின் ஈர்ப்பு தரும் ஆர்முடுகல் 5.93 மில்லிமீற்றர். நம் மாதிரிக் கப்பலின் 0.8ஐ இதனால் வகுத்தால் சுமார் 0.13 வரும். சூரியன் இழுப்பதில் 13 சதவீதத்தை நம் பாய் எதிர்க்கிறது என்று பொருள். இதில் ஓர் அழகு உண்டு. தூரம் கூடும்போது ஈர்ப்பும் ஒளியும் ஒரே கணக்கில், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். அதனால் இந்த 0.13 வெள்ளிக்குப் பக்கத்திலும் அதேதான், வியாழனுக்கு அப்பாலும் அதேதான். கப்பலுக்கு ஒரு முறை கணக்கிட்டால் கதை முழுவதற்கும் போதும்.

அந்த எண் 1 ஆக வேண்டுமென்றால், பாயும் சரக்கும் எல்லாம் சேர்ந்து சதுர மீற்றருக்கு சுமார் 1.53 கிராம்தான் இருக்கலாம். அப்போது சூரியன் இழுப்பதும் தள்ளுவதும் சமன். அப்படியொரு கப்பல் சுற்றாமலே சூரியனுக்கு மேலே ஓரிடத்தில் நிலைத்து நிற்கும். இன்றைய பொருட்களால் அது முடியாது. நூறு வருடத்துக்குப் பிந்திய கதையில் தாராளமாக எழுதலாம்.

இதுவரை பறந்தவற்றை இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். ஜப்பானின் இகாரோஸ் 14 மீற்றர் பக்கமுள்ள சதுரப் பாயுடன் 300 கிலோவுக்கு மேற்பட்ட திணிவு கொண்டது. அதில் அளந்த விசை 1.12 மில்லிநியூட்டன். 2019இல் போன லைற்செயில் 2 வெறும் 5 கிலோ, பாய் 32 சதுர மீற்றர். பாய் சிறிதாக இருந்தும் கணக்கில் லைற்செயில்தான் பல மடங்கு முன்னால் நிற்கிறது. பாய் எவ்வளவு பெரிது என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மூன்றாம் படி: பாயைக் கையில் பிடித்துப் பாருங்கள்

எழுத உட்காரும் முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பரிசுப்பொருள் விற்கும் கடைகளில் வெள்ளி நிறத்தில் மினுங்கும் பிளாஸ்ரிக் தாள் கிடைக்கும். ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றராகச் சதுரம் வெட்டி, நகைக்கடைத் தராசு போன்ற நுணுக்கமான தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரு சதுர மீற்றர் பரப்பில் 1 மைக்ரோமீற்றர் தடிப்பு என்றால் கனவளவு சரியாக 1 கன சென்ரிமீற்றர். இந்தத் தாள் பெரும்பாலும் பொலியெஸ்ரர். கன சென்ரிமீற்றருக்கு சுமார் 1.4 கிராம். ஆகவே தராசு காட்டும் கிராமை 1.4ஆல் வகுத்தால் தாளின் தடிப்பு மைக்ரோமீற்றரில் கிடைத்துவிடும்.

இப்போது லைற்செயில் 2இன் பாயை நினையுங்கள். அதன் தடிப்பு 4.5 மைக்ரோமீற்றர், சதுர மீற்றருக்கு ஆறு கிராமை ஒட்டி வரும். இகாரோஸின் பாய் 7.5 மைக்ரோமீற்றர். சற்று முன் சொன்ன 1.53 கிராம் எல்லைக்கு வர, பிளாஸ்ரிக் ஒரு மைக்ரோமீற்றருக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கலாம், அதிலும் சரக்கு எதுவும் ஏற்ற முடியாது. கடைத் தாளை விரல்களுக்கு நடுவில் உரசிப் பார்த்துவிட்டு இதை யோசித்தால்தான் விஷயம் உறைக்கும்.

அப்புறம் மடிப்பு. தரையைக் கூட்டித் துடையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கச்சான் வீசும் மாதங்களில் யன்னலையும் சாத்தவேண்டும், இல்லாவிட்டால் தாள் கையில் நிற்காது. சதுரத்தை மூலைவிட்டங்களில் வெட்டி நான்கு முக்கோணமாக்குங்கள். லைற்செயில் பாயும் நான்கு முக்கோணங்கள்தான். ஒரு முக்கோணத்தை எடுத்து, நீளமான பக்கத்துக்குச் சமாந்தரமாக இரண்டு விரல் அகலத்தில் முன்னும் பின்னுமாக மடித்துக்கொண்டே போங்கள். கடைசியில் ஒரு பட்டி கிடைக்கும். அதை ஒரு பென்சிலைச் சுற்றி உருட்டுங்கள். பிறகு நீளப் பக்கத்தின் இரு முனைகளையும் இரண்டு பேர் பிடித்து மெதுவாக இழுங்கள்.

நடப்பதைக் கவனியுங்கள். மடிப்புகள் நிலைமின்னால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் விரிய மறு பக்கம் அடம்பிடிக்கும். கொஞ்சம் வேகமாக இழுத்தால் மூலை கிழியும், கிழிசல் கண்ணிமைக்கும் நேரத்தில் நடுவரை ஓடும். விரித்த பின்னும் மடிப்புத் தடங்கள் போகாது. விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் சுவரில் ஒரே பிரதிபலிப்பு விழாமல் நூறு கோடுகளாகச் சிதறும். கிழிந்த தாளின் பின்பக்கம் ஒட்டும் ரேப்பைக் கட்டம் கட்டமாக ஒட்டிவிட்டு மறுபடி கிழித்துப் பாருங்கள்: கிழிசல் அடுத்த ரேப்போடு நின்றுவிடும். உண்மையான பாய்களிலும் இப்படித் தடுப்புப் பட்டிகள் வைப்பதுண்டு. உங்கள் கதையில் விண்கல் துகள் ஒன்று பாயைத் துளைக்கும் காட்சி வந்தால், இனி என்ன எழுதவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

விண்வெளியில் விரிப்பதற்கு இரண்டு வழிகள் வெற்றி கண்டிருக்கின்றன. இகாரோஸ் தன்னைத்தானே சுழற்றியது. பாயின் நான்கு மூலைகளிலும் அரைக் கிலோ பாரம் கட்டியிருந்தார்கள், சுழற்சியில் அவை வெளியே ஓடிப் பாயை இழுத்து விரித்தன. கம்பு தேவையில்லை, அதனால் பாரம் மிச்சம். லைற்செயில், சுருட்டி வைத்த உலோகக் கம்புகளை நீட்டிப் பாயை விரித்தது. 2024 ஏப்ரலில் நியூசிலாந்திலிருந்து ஏவப்பட்ட நாசாவின் ஏசிஎஸ்3, 7 மீற்றர் நீளமான கூட்டுப்பொருள் கம்புகளால் 80 சதுர மீற்றர் பாயை அந்த ஓகஸ்டில் விரித்தது. இளையவர்களுக்கு நான் சொல்வது: கதைக்குச் சுழலும் பாயே நல்லது. பெரிய பாய்க்கு அதுதான் பாரம் குறைவு; மேலும் சுழலும் ஒன்றைத் திருப்புவது கடினம் என்பதால் கதையில் இறுக்கமும் தானாக வரும்.

நான்காம் படி: சூரியன் பக்கம் திரும்புவது

‘சேர், வெளிச்சம் பின்னால தள்ளினா வெளியதானே போகும், சூரியன் பக்கம் எப்பிடித் திரும்பி வாற?’ இந்தக் கேள்வி வராத வகுப்பு இல்லை. வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு விடை பாதி தெரியும். பாய் விரித்த தோணி காற்றுக்குக் குறுக்கேயும் போகும். கீழே தண்ணீர் தோணியைப் பக்கவாட்டில் நழுவவிடாமல் பிடித்துக்கொள்வதால்தான் அது முடிகிறது. விண்வெளியில் தண்ணீர் இல்லை. அந்த வேலையைச் செய்வது சூரியனின் ஈர்ப்பு.

கப்பல் சும்மா நிற்கவில்லை என்பதை மறக்காதீர்கள். பூமியோடு சேர்ந்து அது ஏற்கெனவே விநாடிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. பாயைச் சரித்தால் தள்ளலும் சரியும். தள்ளலின் ஒரு பகுதி ஓடும் திசையில் விழுமாறு சரித்தால் கப்பல் வேகம் பெற்று, சுற்றுச் சுற்றாக வெளியே போகும். மறுபக்கம் சரித்தால் தள்ளல் ஓட்டத்துக்கு எதிராக விழும், கப்பல் வேகம் இழக்கும், சூரியன் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வெளிச்சம் சூரியனிலிருந்து அப்பால் தள்ளிக்கொண்டிருக்க, கப்பல் சூரியனை நோக்கி இறங்கும்! இந்த இடத்தில் மாணவர்களின் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு அலுக்காது.

எவ்வளவு சரிக்க வேண்டும்? சரிக்கச் சரிக்க விசை குறையும். பாயில் விழும் ஒளியும் குறைகிறது, தெறித்துத் தள்ளும் பங்கும் குறைகிறது. ஆனால் பக்கவாட்டுப் பகுதி முதலில் கூடிப் பிறகு குறையும். சுமார் 35 பாகையில் அது உச்சம், முழு விசையில் 38 சதவீதமளவு. உங்கள் கப்பல் தலைவி ‘பாயை 35க்குச் சரி’ என்று கட்டளையிட்டால், விஷயம் தெரிந்த வாசகர் நிமிர்ந்து உட்காருவார்.

பாயைத் திருப்பும் முறைகளும் கதைக்கு நல்ல சாமான். இகாரோஸின் பாய் ஓரத்தில் திரவப் பளிங்குத் தகடுகள் இருந்தன. மின்சாரம் கொடுத்தால் அவற்றின் தெறிப்பு மாறும். ஒரு பக்கம் மினுக்கமாகவும் மறு பக்கம் மங்கலாகவும் ஆக்கினால் தள்ளல் சமனில்லாமல் போய்ப் பாய் திரும்பும். ஒரு துளி எரிபொருள் வேண்டாம். லைற்செயில் 2 உள்ளே ஒரு சில்லைச் சுழற்றி, பூமியை ஒவ்வொரு முறை சுற்றும்போதும் பாயை இரு முறை 90 பாகை திருப்பியது. ஆனால் ஒரு சதுர கிலோமீற்றர் பாயைத் திருப்ப மணிக்கணக்கு ஆகும் என்று எழுதுங்கள். துரத்தல் காட்சியில் சட்டென்று வெட்டித் திரும்பும் பாய்க்கப்பல் இருந்தால் அந்தக் காட்சியையே மாற்றுங்கள்.

ஐந்தாம் படி: எங்கிருந்து, எங்கே?

தரையிலிருந்து பாய்க்கப்பல் கிளம்பாது. ரொக்கெட்தான் மேலே கொண்டுபோக வேண்டும். அதுவும் போதுமான உயரத்துக்கு. சுமார் 800 கிலோமீற்றருக்குக் கீழே மிச்சமிருக்கும் மெல்லிய வளியின் இழுவையே ஒளியின் தள்ளலை விழுங்கிவிடும். லைற்செயில் 2 சுமார் 720 கிலோமீற்றரில் சுற்றியது. தன் சுற்றுப்பாதையின் ஒரு முனையை ஒளியால் உயர்த்திக் காட்டியது, ஆனாலும் மெல்ல மெல்ல இறங்கி 2022 நவம்பரில் எரிந்துபோனது. சந்திரனுக்குப் பக்கத்தில் துறைமுகம் ஒன்றை வைத்துக்கொள்வது கதைக்கு வசதி.

பாய்க்குப் பிடித்த ஊர் சூரியனின் பக்கம்தான்: புதன், வெள்ளி, நம் அயலிலுள்ள சிறுகோள்கள். தூரம் பாதியானால் ஒளி நான்கு மடங்கு, நாலில் ஒன்றானால் பதினாறு மடங்கு. வியாழனிலோ இருபத்தேழில் ஒரு பங்குதான். வெளியே போக விரும்பும் கப்பல்கூட முதலில் சூரியனை நோக்கி இறங்கி, அருகில் பாயை முழுதாகத் திறந்து, அங்கே கிடைக்கும் பெரும் தள்ளலோடு வெளியே பாயலாம். பொலியெஸ்ரர் 250 பாகை செல்சியஸை ஒட்டி உருகிவிடும் என்பதால் எவ்வளவு அருகில் போவது என்பதே கதையின் உச்சமாகலாம்.

நட்சத்திரங்களுக்குப் போக சூரிய ஒளி போதாது. அதற்கு லேசர் வேண்டும். 2016இல் அறிவித்த ஸ்ரார்ஷொட் திட்டம் சில கிராம் திணிவுள்ள கலத்தைத் தரையிலுள்ள லேசரால் ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குத் தள்ளி, 4.37 ஒளியாண்டு தொலைவிலுள்ள அல்ஃபா சென்ரோறிக்கு இருபது வருடமளவில் அனுப்ப எண்ணியது. அதில் நிறுத்த வழி இல்லை, தாண்டிப் போகும்போது படம் எடுக்கவேண்டியதுதான். நிறுத்துவது எப்படி என்று உங்கள் கதை யோசிக்கட்டும்.

ஆறாம் படி: பழுதுகளைக் கதையாக்குங்கள்

புதிதாக எழுதுபவர்கள் ஆபத்துக்கு வேற்றுக்கிரகவாசியைத் தேடுகிறார்கள். பாய் தரும் ஆபத்துகளே நிறைய. நாசாவின் நனோசெயில் டி2, தாய்ச் செய்மதியிலிருந்து 2010 டிசம்பரில் வெளிவர வேண்டியது. வரவில்லை. எல்லோரும் கைவிட்டிருந்த வேளையில் 2011 ஜனவரியில் தானாகவே வெளியே வந்து பாய் விரித்தது. 2022இல் போன நியா ஸ்கௌற் 86 சதுர மீற்றர் பாயோடு சென்று ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஏசிஎஸ்3 பாயை விரித்த பின் ஒரு கம்பு சற்று வளைந்திருந்தது, கலம் உருண்டுகொண்டிருந்தது. இவை ஒவ்வொன்றும் ஒரு சிறுகதை.

தரையிலிருந்து பார்ப்பவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஒரு கிலோமீற்றர்ப் பாய் சந்திரன் தூரத்தில் நின்று வெயிலை நம் பக்கம் திருப்பினால், பூமியில் விழும் ஒளிவட்டம் சுமார் 3,500 கிலோமீற்றர் அகலம். இலங்கை முழுவதும் அதற்குள் அடங்கும். முழுநிலவைவிட மங்கலாகவும் வெள்ளிக் கோளைவிடப் பல மடங்கு பிரகாசமாகவும் ஒரு புள்ளி தெரியும். பாய் கொஞ்சம் சரிந்ததும் அணைந்துவிடும். கல்லடிப் பாலத்தில் நிற்கும் ஒருவருக்கு அது என்னவாகத் தோன்றும் என்பதை எழுதிப் பாருங்கள்.

ஏழாம் படி: உண்மையான பாயைப் பாருங்கள்

ஏசிஎஸ்3 சுமார் 1,000 கிலோமீற்றர் உயரத்தில், துருவங்களை ஒட்டிய பாதையில் அனுப்பப்பட்டது. அதனால் நம் தலைக்கு மேலும் வரும். செய்மதிகள் கடக்கும் நேரம் காட்டும் செயலி ஒன்றை போனில் இறக்கி, மட்டக்களப்பைத் தெரிவு செய்து, அதன் பெயரைத் தேடுங்கள். காட்டினால், பொழுது பட்டு ஒரு மணி நேரத்துக்குள் அல்லது விடியற்காலையில் வரும் கடப்பைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் நாம் இருட்டிலும் பாய் வெயிலிலும் இருக்கும். கல்லடி, பாசிக்குடா போன்ற கடற்கரைகளில் கிழக்குப் பக்கம் வெளிச்சம் குறைவு. பாய் உருண்டால் ஒரு நிமிடம் பளிச்சென்றும் அடுத்த நிமிடம் காணாமலும் போகலாம், அதனால் அது போகும் பாதையிலேயே கண்ணை ஓட்டிக்கொண்டிருங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி மேகம் விடாது. பெப்ரவரிக்குப் பிறகு முயலுங்கள்.